ஸ்டேஷனில் நிற்கும் வண்டி: போலீஸ் கைப்பற்றிய பொருளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தாலுகா நகரத்தில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். வண்டியையோ போனையோ பணத்தையோ போலீஸ் எடுத்துக்கொண்டது என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலில் இருக்கிறது. கீழே 'புதிய சட்டம்' என்று சொல்வது அதைத்தான்.

சார், வண்டியைப் பறிமுதல் பண்ணிட்டாங்க. இனிமே அது என்னுது இல்லையா?

உங்களுடையதுதான். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பேப்பர்காரர்கள். 'லாரி பறிமுதல்', 'பைக் பறிமுதல்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுவிடுகிறார்கள். சட்டத்தில் இவை இரண்டு வேறு காரியங்கள். விசாரணைக்காகப் போலீஸ் எடுத்து வைப்பது கைப்பற்றுதல். உரிமையாளரின் உரிமையையே நீக்கி அரசுக்குச் சொந்தமாக்குவது பறிமுதல்.

கைப்பற்றுவதை ஒரு காவல் அதிகாரி சாலையிலேயே செய்யலாம். பறிமுதலை அவர் செய்ய முடியாது. அதற்கு நீதிமன்றமோ, சில சட்டங்களில் அதற்கென்றே அதிகாரம் பெற்ற அலுவலரோ, உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் உத்தரவு போட முடியும். அதுவரை போலீஸ் வெறும் காவல்காரர். இந்தப் பக்கம் முழுக்க இரண்டு சொற்களையும் இந்த அர்த்தத்தில்தான் எழுதுகிறேன்.

வெறும் சந்தேகத்துக்கே எடுத்துக்கலாமா? நான் ஒரு தப்பும் பண்ணலையே?

எடுக்கலாம். பழைய சட்டத்தின் 102-ஆவது பிரிவு, புதிய சட்டத்தின் 106-ஆவது பிரிவு இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. திருட்டுப் பொருள் என்று சந்தேகம் இருக்க வேண்டும். அல்லது ஏதோ ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட வைக்கும் சூழ்நிலையில் அந்தப் பொருள் கிடைத்திருக்க வேண்டும். உரிமையாளர் நல்லவரா கெட்டவரா என்பது அந்த நேரத்தில் கேள்வியே இல்லை. உங்கள் வண்டியில் வேறொருவன் திருட்டுக் கம்பி ஏற்றியிருந்தாலும் வண்டி போகும்.

அதே சமயம், சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து 44-ஆவது திருத்தத்தில் நீக்கப்பட்டாலும், அரசியலமைப்பின் 300ஏ பிரிவில் இன்னும் இருக்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்க முடியாது. அதனால் முதலில் நீங்கள் கேட்க வேண்டியது, எந்தக் குற்ற எண்ணில், எந்தப் பிரிவில் எடுத்தீர்கள் என்பதைத்தான். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் வராதீர்கள்.

எடுக்கும்போது என்ன பேப்பர் தரணும்?

கைப்பற்றுதல் மகஜர். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், என்ன பொருள் என்று அதில் எழுதுவார்கள். வண்டி என்றால் பதிவு எண்ணோடு இன்ஜின் எண், சேசிஸ் எண்ணும் இருக்க வேண்டும். வண்டியில் இருந்த ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், பாட்டு செட் இதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். மகஜரில் இல்லாத ஸ்டெப்னி பின்னால் காணாமல் போனால், அது இருந்தது என்று காட்டவே பெரும்பாடாகிவிடும். எழுதாத வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

புதிய சட்டத்தின் 105-ஆவது பிரிவு நல்லதொரு மாற்றம். சோதனை போடுவதையும் கைப்பற்றுவதையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வரை, ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும்; செல்போனில் எடுத்தாலே போதும். அந்தப் பதிவைத் தாமதமில்லாமல் நடுவருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ அனுப்பவும் வேண்டும். வீடியோ எடுத்தார்களா என்பதை அன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) இல்லை. வண்டி மட்டும் பத்து நாளா ஸ்டேஷன்ல நிக்குது. என்ன செய்யறது?

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே மோசமான நிலை இதுதான். காகிதத்தில் வராத வண்டிக்கு யாரும் பொறுப்பாளி இல்லை. கைப்பற்றினால் உடனே எல்லைக்குட்பட்ட நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 106-ஆவது பிரிவே சொல்கிறது. 'சும்மா நிறுத்தி வைத்திருக்கிறோம்' என்று ஒரு வகை சட்டத்தில் கிடையாது.

முதலில் ஆய்வாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நடுவரிடம் மனு. அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றம். பதிவுத் தபால் போனதுமே, அடுத்த இரண்டு நாளில் 'வந்து வண்டியை எடுத்துட்டுப் போங்க' என்று போன் வந்த சம்பவங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நடுவருக்கு லேட்டா சொல்லியிருக்காங்க. அப்போ கைப்பற்றினதே செல்லாதுல்ல?

அப்படி நம்பிவிட வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வங்கிக் கணக்கு முடக்க வழக்கில், 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தாமதம் என்ற ஒன்றுக்காகவே கைப்பற்றியது ரத்தாகாது. ஆனால் 'உடனே' என்றால் நியாயமான வேகத்தில் என்று பொருள். தாமதத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று நடுவர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த அதிகாரி மீது துறை நடவடிக்கைக்குச் சொல்லலாம்.

கேஸ் முடியற வரைக்கும் வண்டி அங்கேயே கிடக்கணுமா?

வேண்டியதே இல்லை. இதைத் தெரியாமல் இழந்தவர்கள்தான் அதிகம். ஒரு காய்கறி வியாபாரியின் 'குட்டி யானை' என்ற சின்ன லோடு வண்டியைச் சொல்கிறேன். டிரைவர் ராத்திரியில் திருட்டு இரும்பு ஏற்றி மாட்டிக்கொண்டான். 'கேஸ் முடிஞ்சாத்தான் வண்டி' என்று யாரோ சொன்னதை நம்பி இவர் பதினான்கு மாதம் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டேஷன் பின்பக்கம் போய், கண்ணாடி மேல் விழுந்த புங்க இலைகளைத் தள்ளிவிட்டு வருவாராம். நான் போய்ப் பார்த்தபோது நான்கு டயரும் மண்ணில் உட்கார்ந்திருந்தன. பேட்டரி இருந்த இடத்தில் இரண்டு வயர் மட்டும் தொங்கியது. ஸ்டியரிங்குக்குக் கீழே குளவி கூடு கட்டியிருந்தது. அவர் ஒரு தவணை தவறாமல் கடன் கட்டிக்கொண்டிருந்தார்.

இது நடக்கக் கூடாது என்றுதான் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை. படம் எடுத்து, விவரம் பதிந்து, தகுந்த பிணை வாங்கிக்கொண்டு உடனே ஒப்படைக்க வேண்டும். பொருள் பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் கிடக்கக் கூடாது என்றது.

புதிய சட்டத்தின் 497-ஆவது பிரிவு இதற்குக் கெடுவே வைத்துவிட்டது. பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் நடுவர் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும், படமோ வீடியோவோ எடுக்கச் செய்ய வேண்டும். அதன் பிறகு 30 நாளுக்குள் என்ன செய்வதென்று உத்தரவிட வேண்டும். சாட்சியத்துக்கு அந்தப் படமே போதும். பொருளை நீதிமன்றத்தில் காட்டாமல் அறிக்கை மட்டும் வந்திருந்தால் 503-ஆவது பிரிவில் மனு. அந்தக் காய்கறி வியாபாரிக்கு மனு போட்ட பதினெட்டாம் நாள் உத்தரவு கிடைத்தது. பதினான்கு மாதத்துக்கு முன்பே போட்டிருக்கலாம்.

மனுவுக்கு என்னென்ன கொண்டு வரணும்?

ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, பெர்மிட் (லோடு வண்டி என்றால்), ஆதார், எஃப்.ஐ.ஆர். நகல், மகஜர் நகல். இரண்டு ஜாமீன்தார்கள் தேவைப்படலாம். உத்தரவில் வழக்கமாக வரும் நிபந்தனைகள்: வண்டியை விற்கக் கூடாது, அடையாளத்தை மாற்றக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவர வேண்டும், பத்திரம் எழுதித் தர வேண்டும். அசல் ஆர்.சி.யை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு.

வண்டி கைக்கு வந்த சந்தோஷத்தில் பாதிப் பேர் நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். இடையில் விற்றுவிட்டால் பத்திரத் தொகை போகும், உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட மாமனும் மச்சானும் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும்.

ஸ்டேஷன்ல நின்னதுக்கு வாடகை, ரைட்டருக்குச் செலவுன்னு கேக்கறாங்க. குடுத்துடலாமா?

கொடுக்காதீர்கள். நீதிமன்ற உத்தரவில் எழுதியிருப்பதைத் தவிர ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. உத்தரவு நகலைக் கொடுத்து, வண்டியைப் பெற்றதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். வற்புறுத்தினால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம். வண்டியை எடுக்கும் முன் மகஜரைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஏதாவது குறைந்தால், பெற்றுக்கொண்டதற்கான தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆக்சிடென்ட் கேஸ்ல பிடிச்ச வண்டிக்கும் இதேதானா?

அது இன்னும் எளிது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து முடித்த பிறகு, நடைமுறைகள் முடிந்த 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆவது பிரிவு சொல்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஆளைக் காயப்படுத்தியிருந்தால் மட்டும் சிக்கல். நஷ்ட ஈட்டுக்குப் பிணை கட்டாமல் வெளியே வராது.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேர்ல இருக்கு.

நீதிமன்றம் முதலில் பார்ப்பது ஆர்.சி.யில் யார் பெயர் என்பதைத்தான். பழைய உரிமையாளரைக் கூட்டிவந்து அவர் பெயரிலேயே மனு போடுவது சுலபமான வழி. அல்லது அவருடைய ஆட்சேபணையின்மை வாக்குமூலம், நீங்கள் பணம் கொடுத்த ஆதாரம், பெயர் மாற்றத்துக்கான, கையெழுத்தான 29, 30 படிவங்கள் இவற்றோடு நீங்களே போடலாம். ஃபைனான்ஸ் கம்பெனியும் மனு போட்டுவிட்டால் இரு தரப்பையும் கேட்டுத்தான் உத்தரவு வரும். தவணை ஒழுங்காகக் கட்டிய ரசீது அப்போது கைகொடுக்கும். இந்த நிலையில் வண்டி யாருக்குச் சொந்தம் என்று நடுவர் முடிவாகத் தீர்க்கப் போவதில்லை. வழக்கு முடியும் வரை யார் கையில் இருப்பது நல்லது என்பதுதான் கேள்வி.

பிரெண்டு என் பைக்கை வாங்கிட்டுப் போய் கஞ்சாவோட மாட்டிக்கிட்டான். வண்டி போனது போனதுதானா?

போகவில்லை, ஆனால் கடினம். போதைப்பொருள் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் பாரம் உங்கள் தலையில் விழுகிறது. உங்களுக்கோ, வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கோ தெரியாமல் நடந்தது என்றும், தடுக்க நியாயமான எச்சரிக்கை எல்லாம் எடுத்தீர்கள் என்றும் நீங்கள்தான் காட்ட வேண்டும். இல்லையென்றால் உண்மையான பறிமுதல், அதாவது முதல் பதிலில் சொன்ன இரண்டாவது வகை. 63-ஆவது பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் வண்டியைப் பற்றி நீதிமன்றம் தனியாக முடிவெடுக்கலாம். கைப்பற்றி ஒரு மாதம் ஆகும் முன், உரிமை கோருபவரைக் கேட்காமல், அப்படி உத்தரவு போடக் கூடாது.

இடைக்காலமாக வண்டி பெற முடியாது என்று பல ஆண்டுகள் அரசுத் தரப்பு வாதாடியது. 2025 ஜனவரியில் பிஸ்வஜித் தே வழக்கில், அப்படி ஒரு தடை சட்டத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் வாங்கி வாங்கிய லாரி, குடும்பத்துக்கு அதுவே வருமானம், ஹெராயின் வைத்திருந்தது ஏறி வந்த வேறு ஆள். நீதிமன்றம் நிலைமைகளைப் பிரித்துக் காட்டியது. உரிமையாளரிடமோ அவர் வைத்த டிரைவர், கிளீனரிடமோ பிடிபட்டால் விடுவது கடினம். வண்டி திருடு போயிருந்தாலோ, ஏறி வந்த வெளியாளிடம் பிடிபட்டு உரிமையாளர் மீது குற்றச்சாட்டே இல்லாமலிருந்தாலோ வழக்கமாக விட வேண்டும். நீங்களே சாவியைக் கொடுத்த நண்பன் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறான். எதற்கு, எப்போது கொடுத்தீர்கள் என்று காட்டும் வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

மணல் கேஸ்ல டிராக்டரும் மாட்டு வண்டியும் எடுத்துட்டாங்க. சீக்கிரம் வருமா?

மணலில் திருட்டுப் பிரிவோடு 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள், கனிமங்கள் சட்டமும் சேரும். இரண்டிலும் வழக்கு நடத்தலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டத்தின் 21(4ஏ) பிரிவில் வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. 2018 அக்டோபர் 29 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மணல் கடத்தலில் பிடிபட்ட வண்டிகளை விடக் கூடாது என்றே உத்தரவிட்டது. பின்னர் பெருந்தொகை கட்டச் சொல்லி, நிபந்தனையோடு விட்ட உத்தரவுகளும் உண்டு. ஆற்றைச் சுரண்டுவது சின்னக் குற்றமில்லை. அந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் பெருமுதலாளியின் ஜேசிபியையும் கூலிக்காரனின் ஒற்றை மாட்டு வண்டியையும் ஒரே தராசில் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மாடுகளுக்கு முதல் நாளே மனு போடுங்கள். வைக்கோலும் தண்ணீரும் யார் போடுவது? வண்டியைப் பற்றி அப்புறம் வாதாடிக்கொள்ளலாம்.

சாராயம், வெளி மாநிலச் சரக்கு கேஸ்னா?

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் 14(4) பிரிவில், பறிமுதல் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரிடமும் இருக்கிறது. அவரிடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். 'கோர்ட்டில்தான் கேஸ் நடக்குதே' என்று அந்த நோட்டீஸைக் கிடப்பில் போட்டு வண்டியை இழந்தவர்கள் உண்டு. குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

போனை வாங்கிட்டாங்க. பாஸ்வேர்டும் சொல்லணுமா?

போனைக் கைப்பற்றலாம். கடவுச்சொல் விஷயத்தில், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணை நிற்கும். வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம். மகஜரில் ஐ.எம்.இ.ஐ. எண், சிம் எண் இருக்கட்டும். உங்கள் முன்னிலையில் அணைத்து உறையிட்டு முத்திரை வைக்கச் சொல்லுங்கள்.

பேங்க் அக்கவுண்டையே முடக்கிட்டாங்க. அது என்ன பொருளா?

பொருள்தான். 1999-இல் தாபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கிக் கணக்கும் கைப்பற்றக்கூடிய சொத்தே என்று தீர்ப்பளித்தது. இப்போது சைபர் கிரைம் வழக்குகளில் இது மழைபோல் வருகிறது. டீக்கடைக்காரருக்கு யாரோ ஜிபேயில் போட்ட நூறு ரூபாய் எங்கோ வடக்கே ஏமாற்றிய பணமாக இருக்கும்; கணக்கு மொத்தமும் நின்றுவிடும்.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய சுமார் இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, மற்றதை இயக்க விடச் சொன்னது. வங்கியிடம் எந்த ஊர் போலீஸ், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்த மூன்றும் இல்லாமல் மனு எழுத முடியாது.

வீட்டுக்கும் பூட்டுப் போட முடியுமா?

106-ஆவது பிரிவின் கீழ் முடியாது. பழைய 102-ஆவது பிரிவில் உள்ள 'சொத்து' என்ற சொல்லில் அசையாச் சொத்து வராது என்று 2019-இல் நெவாடா பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வேறு கதவுகள் உண்டு. புதிய சட்டத்தின் 107-ஆவது பிரிவில், குற்றத்தால் வந்த சொத்தை முடக்கப் போலீஸ் நீதிமன்றத்தைக் கேட்கலாம். 14 நாளில் விளக்கம் சொல்ல உங்களுக்கு நோட்டீஸ் வரும். கஞ்சா வியாபாரிகளின் சொத்தை முடக்கும் போதைப்பொருள் சட்டத்தின் 68எஃப் பிரிவும், அமலாக்கத் துறையின் சட்டமும் தனி.

எலெக்ஷன் நேரத்துல கடைப் பணத்தைப் பறக்கும் படை எடுத்துட்டாங்க.

ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் வங்கிச் சீட்டு, பில், கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கமாவது கையில் வையுங்கள். எடுத்துவிட்டால், மாவட்டத்தில் மூன்று அலுவலர் கொண்ட குறைதீர் குழு இருக்கும். அங்கே ஆவணத்தோடு முறையிடுங்கள். வழக்கு எதுவும் பதிவாகவில்லை என்றால், வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணைய விதி.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேஸ்ல ஜெயிச்சாச்சு. ஆனா பொருளைக் காணோம்னு சொல்றாங்க. யாரைக் கேக்கறது?

அதே நீதிமன்றத்தை. வழக்கு முடியும்போது பொருள் யாருக்கு என்று புதிய சட்டத்தின் 498-ஆவது பிரிவில் உத்தரவு போட வேண்டும். மேல்முறையீட்டுக்காக இரண்டு மாதம் நிறுத்தி வைப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே பத்திரம் எழுதி வண்டியை வாங்கியிருந்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது.

பொருளே காணாமல் போயிருந்தால் பசவ்வா என்ற பெண்ணின் வழக்கு உங்களுக்குத் துணை. மைசூர் மாநிலத்தில் அவர் வீட்டில் திருடு போன நகைகளைப் போலீஸ் மீட்டு, ஒரு பெட்டியில் வைத்தது. பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே கல்தான் இருந்தது. தங்களிடம் நகை இல்லாதபோது எதைத் தருவது என்று அரசு கேட்டது. 1977-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரியான கவனம் எடுத்தோம் என்று அரசு காட்டவில்லை, அதனால் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று பத்தாயிரம் ரூபாய் தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலையும் உங்கள் மகஜர் நகலையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.